காலியாகத் திருப்பிய பாத்திரம்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கவுண்டியில், அதாவது மாவட்டம் முழுவதற்கும், சிக்னல் ஒன்றே ஒன்றுதான். மற்ற சந்திகளில் எல்லோரும் காரை நிறுத்திவிட்டு, "நீங்க போங்க" என்று கை காட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே வரும் பிக்கப் டிரக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். நாமும் தூக்க வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன். மறுநாள் மனைவியின் கிளினிக்கில் மூன்று பேர், "உங்க கணவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

மனைவி டாக்டர். டாக்டர் இல்லாத இடத்தில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் விசாவுக்கான நிபந்தனை. சென்னையில் பத்திரிகை உதவி ஆசிரியராக இருந்த எனக்கு, இங்கே வேலைக்கே அனுமதியில்லை. ஜன்னலுக்கு வெளியே சோளம். அறுத்த பிறகு வெறும் வானம்.

வந்த வாரமே பக்கத்துப் பண்ணை ஆன்ட்டி கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் சீஸும் பேக் செய்து கொண்டுவந்தார். பாத்திரத்தின் அடியில் டேப்பில் அவர் பெயர். கழுவிக் கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். காலியாகத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கேசரி வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே பாத்திரத்தில் பீன்ஸ் வந்தது. நான் எலுமிச்சை சாதம் அனுப்பினேன். மூன்று வருடமாக அது போய்வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம், நம்மவர்கள் நிறைந்த டெக்சாஸ் நகரமான ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மருத்துவமனை மனைவியை வேலைக்கு அழைத்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"சொல்லிடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நான் போயிட்டா இந்த ஊர்க்காரங்க டாக்டரைப் பார்க்க ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணணும்ப்பா. ஆன்ட்டிக்கு ஏற்கெனவே கண்ணு சரியா தெரியல."

"இன்னும் ஒரு வருஷம் இந்தச் சோளத்தைப் பார்த்தா எனக்கும் தெரியாது."

சிரித்தாள். "சரி, ஓகே சொல்லிடறேன். ஆனா ஆன்ட்டிகிட்ட நீதான் சொல்லணும். அப்புறம்தான் ஃபோன் பண்ணுவேன்."

நேற்று பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, ஒன்றும் வைக்காமல் எடுத்துப் போனேன். அதைப் பார்த்தாலே பேச்சு தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆன்ட்டி மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார். அடுப்பிலிருந்து எதையோ எடுத்து மாற்றும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

துணியில் சுற்றியிருந்தும் பாத்திரம் கையைச் சுட்டது.

"ரெண்டு தட்டு எடு" என்றேன்.