கட்டுகஸ்தோட்டையில் என் சர்வரைக் காட்டி வாங்கிய விலைக்கழிவு

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு சர்வர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வத்தளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். திரும்பும்போது வேனில் மூன்று இருந்தன. புதிதாகக் கொண்டுபோன இரண்டையும் இறக்கவே இல்லை. மூன்று கிழமையாக அங்கே சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் கழற்றித் தந்துவிட்டார்கள். வாடிக்கையாளர் முந்தின நாளே என் போட்டியாளருடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். போட்டியாளருக்கு அந்த விலை கிடைத்ததற்குக் காரணம் நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளியூருக்குச் சாமான் கொண்டுபோய் விற்கும் என்னைப் போன்ற சிறு வியாபாரிகள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். வழி, சாப்பாடு, செலவு எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது. இம்முறை தோற்ற கதையும் சேர்த்து.

தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பெரிய வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்து ஆறு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதுபோல, ஒரே சர்வரை ஆறு கணினிகளாகப் பிரித்து ஓட்டலாம். ஒன்றில் கணக்கு, ஒன்றில் பில், ஒன்றில் இருப்பு. அந்தச் சுவரை வைக்கும் மென்பொருளில் பல வருடம் ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பனிதான் ராஜா. ஒருமுறை காசு கொடுத்தால் சொந்தம். பிறகு கம்பனி கைமாறியது. இனிச் சொந்தம் என்ற பேச்சே இல்லை, வருடாவருடம் கட்டு என்றார்கள். விலையும் பல மடங்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் கதவு திறந்த நேரம். இலவசமாகக் கிடைக்கும் வேறு மென்பொருளைப் போட்டு, பராமரிப்புக்கு மட்டும் காசு வாங்கி, பாதி விலைக்கும் குறைவாகத் தரலாம் என்று கிளம்பினோம்.

கட்டுகஸ்தோட்டையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியாரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பழைய கம்பனிக்காரர்கள் அவரிடம் வருடத்துக்குப் பதினான்கு லட்சம் கேட்டிருந்தார்கள். நான், சர்வர்களும் சேர்த்து, வருடத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம் என்றேன். ஹாஜியார் மாறினால் கண்டி, கலகெதர பக்கம் தனித்தனியாக வியாபாரம் செய்யும் அவருடைய ஆட்கள் மூன்று பேர் பின்னாலேயே வருவார்கள் என்று அவர் வாயாலேயே சொன்னார். கண்டியில் எனக்கு ஒரு வாடிக்கையாளரும் இல்லை. இவர் கிடைத்தால் நாலு பேர், இல்லையென்றால் ஒருவரும் இல்லை. அதனால் ஒரு சர்வரைக் கொண்டுபோய் வைத்து, அவருடைய ஆறு கணினிகளையும் பிரதி எடுத்து ஏற்றி, மூன்று கிழமை ஓட்டி, கடைசிக் கிழமை அவருடைய கலகெதர கிளையின் பில் முழுவதையும் அதில் போட்டுக் காட்டினேன். ஒரு நாளும் நிற்கவில்லை. ஒரு சதமும் வாங்கவில்லை.

கையெழுத்துக்கு வாருங்கள் என்று ஹாஜியார் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வாருங்கள், பேசுவோம் என்றார். மீதியை நானே என் மனதில் எழுதிக்கொண்டேன்.

அதிகாலை 4.45க்கு வத்தளையில் கிளம்பினோம். வேன் வாடகை ஒரு நாளைக்கு 24,000 ரூபாய், டீசலும் சேர்த்து. சாரதி சிவா, ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது கொழும்பில் வேன் ஓட்டுகிறான். கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறவர்கள் கடுகண்ணாவை வழியே ஏறி, பேராதனையில் மாட்டி, கண்டி நகரத்துக்குள் ஊர்ந்து போகவேண்டாம். பஸ்யாலையில் திரும்பி மீரிகமயில் அதிவேகப் பாதையில் ஏறி, குருநாகலில் இறங்கி, கலகெதர வழியாக வாருங்கள். தூரம் ஏறக்குறைய 130 கிலோமீற்றர், அந்த வழியைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் நகரத்தைத் தொடாமல் நேரே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்கு வந்துவிடலாம். பாதைக் கட்டணம் அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை.

கலகெதர ஏற்றத்தில் வளைவுகள் அதிகம். பின்னால் சர்வர் இருந்ததால் சிவாவை மெதுவாகப் போகச் சொன்னேன்.

"முட்டை ஏத்திக்கிட்டுப் போறப்போகூட யாரும் இவ்வளவு சொல்ல மாட்டாங்க சார்" என்றான்.

"ஒரு முட்டை மூணு லட்சம்டா."

"அப்ப நீங்களே பின்னுக்கு உக்காந்து அணைச்சுக்கிட்டு வாங்க."

கலகெதர நகரத்தில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இடப்பக்கம் ஒரு சின்னக் கடை. பொல் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும், இரண்டு பேருக்கு 480 ரூபாய். சம்பலில் உறைப்புக் கூட. கழிவறை சுத்தம். 8.40க்குக் கட்டுகஸ்தோட்டை. பாடசாலை நேரத்து நெரிசல் அப்போது கரைந்திருக்கும், அதற்கு முன் பாலத்தைக் கடக்க நினைக்காதீர்கள்.

ஹாஜியாரின் கந்தோர் கடைக்கு மேல்மாடியில். அறுபத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கதிரையை இழுத்துப் போட்டு, பெருநாளுக்குச் செய்யும் இனிப்பான வட்டிலப்பம் எடுத்து வரச் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு வட்டிலப்பம் வந்தால் செய்தி நல்லதில்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, ஒங்கட சாமான் நல்லம். நான் பொய் செல்ல மாட்டன். ஒரு நாளும் மக்கர் பண்ணல்ல."

"அப்ப இண்டைக்கே மத்த ரெண்டையும் இறக்குவமா, ஹாஜியார்?"

"அதான் செல்ல வந்தன். நேத்து அவங்களோட சைன் வச்சிட்டன். மூணு வருஷம்."

"பதினாலு லட்சத்துக்கா?"

"ஆறே கால்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "நான் நாலு எண்பது. இன்னும் ஒன்றரை லட்சம் குறைவு."

"கொறவுதான். ஆனா எங்கட கணக்குப் புள்ளைகள் பழைய ஸ்கிரீனுக்குப் பழகிட்டாங்க. மாத்துற நேரம் ஒரு நாள் பில் நிண்டா எனக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல நட்டம். நீங்களும் வியாபாரி. செல்லுங்க, நீங்க என்ன செய்வீங்க?"

நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் அவர் செய்திருந்தார். கோபத்தோடு எழுந்துவர அவர் எனக்கு ஒரு காரணமும் தராதது தோற்றதைவிடக் கசப்பாக இருந்தது. உங்கள் பெட்டியைக் கழற்றி வைக்கச் சொல்கிறேன், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வட்டிலப்பத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதுவாவது என் கணக்கில் வரட்டும்.

கீழே இறங்கினால் வாசலில் ரமணன். பழைய கம்பனியின் மென்பொருளை விற்கும் கொழும்பு முகவர் நிறுவனத்தின் கண்டி விற்பனையாளர். யாழ்ப்பாணத்துப் பையன், முப்பத்தைந்து வயது. முன்பு கொழும்பில் இருந்தபோது ஏழெட்டு இடங்களில் என்னோடு மோதியவன், இரண்டு முறை என்னிடம் தோற்றவன். பாலத்தடியில் தேநீர் குடிக்க அழைத்தான். போனேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஹாஜியாருக்கு உங்கட பெயரைச் சொன்னதே நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பதினாலுக்கு அவர் வாங்க மாட்டார் எண்டு எனக்குத் தெரியும். விலை இறக்க எனக்கு அதிகாரம் இல்லை. வெளிநாட்டில இருக்கிற பெரியாக்களிட்டைக் கேட்க வேணும். அவங்கள் சும்மா இறக்க மாட்டாங்கள். எதிராளி உள்ளுக்கை வந்திட்டான், வாடிக்கையாளரின்ரை வேலை அவன்ரை மெஷினிலை ஓடுது எண்டு காட்ட வேணும். படம் வேணும்."

"படமா?"

"ஓம். உங்கட சர்வர் லைட் எரிய எரிய நிக்கிற படம். ஹாஜியார்தான் போனிலை எடுத்து அனுப்பினவர். முதல் கிழமை இருபது வீதம் கழிவு தந்தவங்கள். ரெண்டாம் கிழமை முப்பத்தைஞ்சு. நீங்கள் கிளையின்ரை பில்லையும் ஏத்தினதோட பயந்திட்டாங்கள். ஐம்பத்தைஞ்சுக்கு வந்திட்டுது."

கணக்குச் சரியாகத்தான் வந்தது. பதினான்கில் ஐம்பத்தைந்து வீதம் போனால் ஆறு லட்சத்து முப்பதாயிரம், ஹாஜியார் சொன்ன ஆறே காலுக்குக் கிட்ட. என் சர்வர் இடையில் இரண்டு முறை நின்றிருந்தால் அவனுக்கு இந்த விலை கிடைத்திருக்காது. பதினான்குக்கு ஹாஜியாரும் அவனிடம் வாங்கியிருக்க மாட்டார். நான் எவ்வளவு கவனமாக வேலை செய்தேனோ அவ்வளவு தூரம் அவனுடைய விலை இறங்கியிருக்கிறது. என் பொறியியலாளரை மூன்று கிழமை கண்டியில் தங்க வைத்து, எதிரிக்கு விலைக்கழிவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"இதை ஏன் என்னிட்ட சொல்றீர்?" என்றேன்.

"கலகெதரயிலை ஹாஜியாரின்ரை மருமகன். பிறகு இன்னும் ரெண்டு பேர். அவைக்கும் புதுப்பிக்கிற காலம் வருது. நீங்கள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வச்சிட்டு நில்லுங்கோ. வெல்லத் தேவையில்லை. என்ரை கமிஷனிலை ஒரு பங்கு தாறன்."

"அப்ப நான் சோளக்கொல்லை பொம்மை."

"பொம்மைக்கு ஆரும் கமிஷன் குடுக்கிறேல்லை அண்ணை."

சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்தது எனக்கே பிடிக்கவில்லை. மாட்டேன் என்றேன். போட்டியாளரிடம் காசு வாங்கிக்கொண்டு போட்டி போட்டால், நாளைக்கு உண்மையாக வெல்ல வேண்டிய இடத்தில் அவன் அதையே எடுத்துக் காட்டுவான். தேநீர்க் காசு 160 ரூபாய். நான்தான் கொடுத்தேன்.

அஸர் வரை நேரம் இருந்தது. சிவாவுக்கு ஹந்தானையில் அக்கா வீட்டில் ஒரு மூட்டை கொடுக்க வேண்டியிருந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி நகரம் ஐந்து கிலோமீற்றருக்குள்தான், மதிய நெரிசலில் 35 நிமிடம் எடுத்தது. அதற்கு மேல் ஹந்தானைப் பாதை செங்குத்து. சுமையோடு போகும் வேனை இரண்டாம் கியருக்கு மேல் எடுக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போகும் படிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கீழே நகரம் முழுவதும் தெரிந்தது. படம் எடுக்கிறவர்கள் காலையில் போங்கள், பிற்பகலில் மூடிவிடும். எனக்கு அன்று படம் எடுக்கும் மனம் இல்லை.

சிவா திரும்பி வந்து கேட்டான். "என்னா சார், பொட்டி ரெண்டும் எறக்கலயா?"

"இல்ல. இன்னொண்ணும் ஏத்தணும்."

"அது சரி. மூணுக்கு மேல நின்னா வெயிட்டிங் சார்ஜ், சொல்லிப்புட்டேன். அப்புறம் மொகத்தத் தூக்காதீங்க."

மணிக்கு 1,000 ரூபாய். காத்து நிற்பதற்கும் விலை சொல்கிறான், அதுவும் முன்கூட்டியே. எனக்கு எரிச்சலாக இருந்தது. மலை இறங்கும்போது அந்த எரிச்சல் வேறு பக்கம் திரும்பியது. மூன்று கிழமை என் பெட்டி நின்ற இடத்தில் ஒருவருக்கு வருடத்துக்கு ஏழே முக்கால் லட்சம் மிச்சம். மென்பொருளை விற்றால்தான் காசு என்று நான்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன்.

நாலரைக்கு ஹாஜியார் முன் உட்கார்ந்தேன். ரமணன் சொன்னதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"படம் எடுத்தது நான்தான். கேட்டாங்க, அனுப்பினன். களவா எடுக்கல்ல, எங்கட ரூம்ல தானே நிண்டிச்சி."

"நிண்டதுக்கு வாடகை தாங்க."

"போன மூணு கிழமைக்கு ஒண்டும் இல்ல தம்பி. அது ஒங்கட ஆசைக்கு நீங்க செஞ்சது. இண்டைக்கு வேன் காசு நான் தாறன்."

"சரி. உங்கட மருமகனுக்கும் மத்த ரெண்டு பேருக்கும் என்ட பெட்டி வேணுமா?"

ஹாஜியார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

அரை மணி நேரம் பேசினோம். அவர் நாற்பதாயிரத்தில் தொடங்கினார், நான் ஒன்றே கால் லட்சத்தில். நடுவில் ஒன்று கேட்டேன். மூவரில் யாராவது என்னிடமே வாங்கினால் வாடகையை விலையில் கழித்துத் தருகிறேன், அதையும் எழுதுவோம் என்று.

"அத எழுதத் தேவல்ல, தம்பி" என்றார் ஹாஜியார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

திரும்பும் வழியைப் பற்றி: மாலையில் கலகெதர இறக்கத்தில் லொறிகள் அதிகம், ஐந்தரைக்கு முன் கிளம்புங்கள். நாங்கள் 5.20க்குக் கிளம்பி வத்தளைக்கு ஒன்பதரைக்கு வந்தோம். வெயிட்டிங் 2,000 ரூபாயை சிவா விடவில்லை.

சாமான் விற்கப் போகிறவர்களுக்கு: இலவசச் சோதனை கொடுக்காதீர்கள். உங்களை யார் சிபாரிசு செய்தது என்று முதல் நாளே கேளுங்கள். வாடிக்கையாளர் உங்கள் சாமானைப் பாராட்டினால் அதை ஓர்டராக எண்ணாதீர்கள். கையெழுத்தாகும் முன் வேனில் எதையும் ஏற்றாதீர்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் வந்தாலும், பெரிய கம்பனிக்காரன் அதற்குக் கிட்ட இறங்கினால் போதும், சனம் அவனோடேயே இருந்துவிடும். மலிவு என்பதற்காக யாரும் மாறுவதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று கிழமையும் ஒரு பொறியியலாளரின் சம்பளமும் போயிற்று. கண்டியில் இப்போது எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருமே என்னிடம் வாங்கப் போவதில்லை. கலகெதரயில் அடுத்த மாதம் முதல் பெட்டி இறங்குகிறது.

முடிவானது இது: ஓர் இடத்துக்கு ஒரு சர்வர், மூன்று கிழமை, தொண்ணூறாயிரம் ரூபாய். வேன் கூலியும் பொறியியலாளர் தங்கும் செலவும் அவர்களுடையது. முழுத்தொகையும் முன்பணம். படம் எடுப்பது பணம் என் வங்கியில் விழுந்த பிறகு.