மச்சான் வாய்

நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் வேறு எவனாவது என் கடைக்கு வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போய்ட்டு வாப்பா, வேலை கெடக்கு என்று நானே அனுப்பி வைத்திருப்பேன். பேய், ஜின்னு, தாயத்து எதுவும் எனக்கு ஆகாது. கள்ளக்குறிச்சியில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறேன். மோட்டார் ஓடவில்லையா, காயில் போயிருக்கும், இல்லாவிட்டால் கரண்டு இருக்காது, மூன்றாவதாக ஒரு காரணம் கிடையவே கிடையாது என்று வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிற ஆள் நான். அப்படித்தான் இருந்தேன்.

கடையோடு இன்னொரு வேலையும் உண்டு, கிணற்றில் அறுந்து விழுந்த மோட்டாரை முங்கி எடுத்துக் கொடுப்பது. கரும்புக்காரர்கள் கிணறெல்லாம் ஆழம் ஜாஸ்தி, வெறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் கூடப் போக முடியாது. துபாயில் கப்பல் அடிப்பக்கம் சுரண்டுகிற வேலையில் இருந்தபோது சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கப் பழகியிருந்தேன். ஊருக்கு வந்து, என் அக்கா புருஷன் சலீம் மச்சானுக்கும் பழக்கிவிட்டேன். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்குவோம்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு சிலிண்டரில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று நாம் கவ்வி மூச்சு விட. இன்னொன்று மஞ்சள் நிறம், கூட வருகிறவனுக்குக் காற்று தீர்ந்தால் அவன் எடுத்துக் கவ்விக்கொள்ள. அது சேற்றில் இழுபடாமல் நம் நெஞ்சிலேயே இருக்க வேண்டும், ஆனால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட வேண்டும். வாங்கும்போது கொடுத்த கிளிப் கிணற்றுச் சேறு ஏறி இறுகிப் போனது. மச்சான்தான் பழைய சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து, நெஞ்சுப் பட்டையில் கோத்து, அதற்குள் மஞ்சள் வாயைச் செருகிவிட்டார். மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு விவசாயி, "அது இன்னாங்க மஞ்சளா, நெஞ்சு மேல?" என்று கேட்க, நான் விளையாட்டாக, "எங்க மச்சான் வாய்ங்க" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பேர். இறங்குவதற்கு முன்னால் மச்சான் என் நெஞ்சில் இருப்பதை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்.

"வருதா? வருது. வா மாப்ள, போலாம்."

ஒரு தடவை கூட இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், சிலிண்டரே இல்லாமல் தண்ணீரில் போனார். கல்வராயன் மலையில் ஒரு ஊரில் மோட்டார் மாட்டிக் கொடுத்துவிட்டு மழையில் பைக்கில் இறங்கி வந்திருக்கிறார், தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் புரண்டு ஆளையும் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் நின்ற ஜனம் கண்ணால் பார்த்தது. வண்டி பாறையிடுக்கில் கிடைத்தது. ஆள் இல்லை. தீயணைப்புக்காரர்கள் பாவம், அவர்களால் ஆன மட்டும் தேடினார்கள். ஓடை போய் விழுவது அணையில். அணையிலும் தேடிவிட்டு, உடம்பு மேலே வந்தால் சொல்லுங்கள் என்று போய்விட்டார்கள். மேலே வரவில்லை.

எங்களில் புருஷன் மவுத்தானால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், வீட்டோடு, அந்நிய ஆம்பளை முகம் பார்க்காமல். அது முடிந்தால்தான் அவளுக்கு வெளியே போவது, மறுகல்யாணம், மற்றது எல்லாம். ஊரே பார்த்திருக்கிறது, இனி சந்தேகமில்லை, இத்தா உட்கார வையுங்கள் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். அக்கா கேட்டால்தானே!

"மையத்த பாக்காம நான் எப்டிடா உக்காருவேன்? நாளைக்கு அவரு வூட்டு வாசல்ல வந்து நின்னா இன்னா பதில் சொல்லுவேன்? எலும்பு ஒண்ணாவது எடுத்துக்கினு வாடா. அன்னிக்கே உக்காந்துர்றேன்."

தெருவில் பைக் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். சோறு ஆக்குவாள், தின்னமாட்டாள். புருஷன் உள்ளவளா, இல்லாதவளா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் நானே அணையில் தேட ஆரம்பித்தேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், கணக்கு விட்டுப்போனது. கடையைப் பாதி நாள் திறக்கவே இல்லை.

அன்றைக்கு நல்ல வெயில், உச்சி நேரம். ராத்திரி, அமாவாசை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எங்கள் லோடு வண்டி ஓட்டுகிற சேகர் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடை வந்து சேருகிற மூலையில் பழைய வேலமரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன, உடம்பு அதில் மாட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். தனியாக இறங்குகிறவனுக்கு எதற்கு இரண்டாவது வாய்? ஆனாலும் கை பழக்கத்தில் அதை டியூப் வளையத்துக்குள் செருகிவிட்டது. இழுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அடியில் ஒன்றும் தெரியாது, டீத்தண்ணிக்குள் கண்ணைத் திறந்த மாதிரி இருக்கும், எல்லாம் கையால் தடவித்தான். ஒரு மரத்தைத் தடவி, இன்னொரு மரத்துக்குப் போய், அதன் தூரைத் தடவிக்கொண்டிருக்கும்போது என் நெஞ்சில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. ஒரே இழுப்பு. கிளையில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கையை வைத்துப் பார்த்தால் வளையம் இருக்கிறது, அறுபடவில்லை, உள்ளே இருந்த மச்சான் வாய் இல்லை. அதன் குழாய் என் வலப்பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பக்கம் யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

அப்புறம் சத்தம் கேட்டது. இழுத்து, நிறுத்தி, விட்டு, குமிழி போகிற சத்தம். என்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினேன். சத்தம் நிற்கவில்லை. நிதானமாக வந்தது. வால்வு கெட்டால் காற்று தானாகப் பீறிடும், எனக்குத் தெரியாதா, ஆனால் அது சிலிண்டர் காலியாகும் வரை ஒரே மூச்சாகப் பீறிடும். இப்படி நிறுத்தி நிறுத்தி வராது.

பயம் வந்தது என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அழுகை வந்தது. கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கிவிட்டது. வாங்க மச்சான், வூட்டுக்குப் போலாம், அக்கா சாப்பிடாம கெடக்குது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, காற்று தீர்ந்தவனைக் கூட்டிக்கொண்டு வரும்போது ஏறுகிற மாதிரி மெதுமெதுவாக ஏறினேன். குழாய் விறைப்பு குறையவில்லை, கூடவே வந்தது. மேலே வெளிச்சம் வர ஆரம்பித்தது. அல்லா, ஒரே ஒரு ஆள் உயரம் பாக்கி. அங்கே குழாய் தொய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் வாய் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதே மூச்சில் திரும்ப இறங்கினேன், காற்று இழுக்க வரவில்லை, காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மீட்டரில் முள் சிவப்புக்குப் போயிருந்தது. ஒருவனுக்கு, நான் உள்ளே இருந்ததைப் போல இரண்டு பங்கு நேரம் வர வேண்டிய சிலிண்டர் அது. கரைக்கு வந்தால் சேகர் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நிற்கிறான்.

"அண்ணே, மச்சான் எங்கண்ணே?"

"இன்னாடா ஒளர்ற?"

"ரெண்டு எடத்துல குமிழி வந்துக்கினு இருந்துச்சுண்ணே. நீங்க இருந்த எடத்துல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. ரெண்டும் சேந்தே வந்துச்சு. நான் ஆள் கெடைச்சிட்டாருன்னுதான்…"

இதை வீட்டில் சொல்லாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வாசலில் அக்கா முகத்தைப் பார்த்ததும் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மூச்சு வுட்டாரா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"மூச்சு வுடுறவருக்கு நான் எதுக்குடா இத்தா இருக்கணும்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஹஜ்ரத் வந்து சொல்லியும், ஜமாத்தில் சொல்லியும் அவள் அசையவில்லை. எலும்பு எடுக்கப் போனவன் நான், அவள் வாசலை விட்டு எழுந்திருக்கவே முடியாதபடி செய்துவிட்டு வந்தேன். பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போய் அந்த வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன், எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். போகட்டும் என்று புதிதாகவே ஒன்று வாங்கினேன். நம்பினால் நம்புங்கள், எந்தக் கிணற்றில் இறங்கினாலும், அணையே வேண்டாம், இங்கே மூங்கில்துறைப்பட்டு கிணற்றில் இறங்கினாலும் காற்று இரண்டு பங்காகத்தான் குறைகிறது.

ஒருநாள் வெறுத்துப்போய் மச்சான் வாயைக் குழாயோடு கழற்றிவிட்டு, துளையை அடைத்துக்கொண்டு இறங்கினேன். அன்று காற்று மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா வழக்கம்போல மீட்டரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்து, மச்சான் வெள்ளத்தில் போன அன்றைக்குக் கூட அழாதவள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அவருக்குக் காத்து குடுக்காம வந்துட்டியாடா பாவி!"

மறுநாளே திரும்ப மாட்டிவிட்டேன். இப்போது டியூப் வளையத்தை அவளே அறுத்துத் தருகிறாள். நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, மஞ்சள் வாயை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "வருதா? வருது" என்கிறாள். "போலாம்" மட்டும் சொல்ல மாட்டாள்.

நேற்று தியாகதுருகம் பக்கம் ஒரு கிணறு. சாயங்காலம் வந்ததும் மீட்டரை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்குக் கம்மியாத்தான் இழுத்திருக்காரு. ஒடம்பு கிடம்பு செரியில்லயா, இன்னா?"

கிணற்று மேட்டிலேயே முள்ளைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் நானும் அதே கவலையோடுதான் வந்திருந்தேன்.