பேச்சுக்குள் புகுதல்

டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் யார் யாரோடு பேசுவதானாலும் எங்கள் ஸ்விட்ச்போர்டு வழியாகத்தான் பேச வேண்டும். பயிற்சிக் குறிப்பில் ஒரு சொல் என்னைப் பயமுறுத்தியது: இன்ட்ரூஷன். வெளியூரிலிருந்து அவசர ட்ரங்க் கால் வரும்போது அந்த நம்பரில் ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருந்தால், ஆபரேட்டர் அந்தப் பேச்சுக்குள் புகுந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர்.

நூலகத்தில் தடித்த ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அழைக்காத இடத்தில் நுழைவது என்பது முதல் பொருள். பூமிக்கடியில் உருகிய குழம்பு பாறை இடுக்குகளில் ஏறி இறுகுவதற்கும் அதே சொல்தான். சட்டத்தில், நிலத்துக்காரர் இறந்து வாரிசு வருவதற்குள் வேறொருவர் அதில் கால் வைப்பதாம். லத்தீனில் ‘உள்ளே தள்ளுதல்’ என்பது மூலம். மிரட்டலுக்கான ஆங்கிலச் சொல்லும் அந்த வேருக்குத் தூரத்து உறவு என்று போட்டிருந்தது. ஒரு பொருள்கூட நல்லதாக இல்லை. நாலு பேர் பேசுகிற இடத்தில் தலை காட்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம், திருநெல்வேலியிலிருந்து அவசரக் கால். பருத்திக் கமிஷன் கடைக்காரர் ஒருவரின் நம்பரைக் கேட்டார்கள். அவர் கரிவலம்வந்தநல்லூரில் இருந்த தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். சொத்துத் தகராறில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை என்பது ஊருக்கே தெரியும்; அன்றைக்குத்தான் பேசுகிறார்கள். லைனுக்குள் பேச போர்டில் இருக்கும் சாவியைத் தட்டி உள்ளே போனேன்.

“நம்ம அம்மைக்குக் கொள்ளி வைக்கையிலகூட நீ என் முகத்தப் பாக்கலியே லே...” என்று அண்ணன் அழுதுகொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் போகட்டும், அழுகை அடங்கட்டும் என்று நினைத்தேன். சாவியை விட்டுவிட்டேன். அதற்குள் ட்ரங்க் லைன் அறுந்துபோனது.

திருநெல்வேலியை மறுபடி பிடிக்கப் பார்த்தேன். எல்லா லைனும் பிஸி. ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு வேறு துளையில் செருகினேன். பக்கத்துப் போர்டுக்காரி, “என்னட்டி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்று கேட்டாள். இருபது நிமிஷம் கழித்து அவர்களே மறுபடி கூப்பிட்டார்கள்; ஆஸ்பத்திரி என்பதும் பேசுவது கடைக்காரரின் மருமகன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே புகுந்தேன்.

“அண்ணாச்சி, எக்ஸ்சேஞ்சிலருந்து பேசுதேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலருந்து அவசரக் கால்.”

“யாரும்மா நீ? இம்புட்டு நேரமும் ஒட்டுக் கேட்டுட்டா இருந்த?” என்று கத்தினார்.

“உங்க மருமகன் லைன்ல இருக்காங்க, அண்ணாச்சி. குடுக்கேன்.”

லைனைக் கொடுத்தேன். இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் கொஞ்சம் கேட்டேன். பிரசவத்துக்குப் போன மகளுக்கு ரத்தம் நிற்கவில்லை. அப்பாவின் ரத்தம்தான் சேருமாம். உடனே காரில் வர வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கடை நம்பருக்கு நேராக விளக்கு எரியும்போதெல்லாம் பக்கத்துப் போர்டுக்காரி எடுக்கட்டும் என்று வேறு லைனைப் பார்த்தேன். யாரிடமும் சேதி கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்களே.

நாலாம் நாள் அவரே ஆபீஸுக்கு வந்தார். கூட இன்னொருவர், முகச்சாயலில் தம்பி என்று தெரிந்தது. “அன்னைக்கு லைன்ல வந்த பிள்ள யாரு?” என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

“ஏசிட்டேன், மனசுல வச்சிக்காதம்மா. நீ குறுக்க வந்து சொன்னதாலதான் போய்ச் சேந்தோம். தம்பிதான் கார் புடிச்சுக் கூட வந்தான். மக பொழச்சிட்டா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “பொறந்த பிள்ளதான் தங்கல.”

இருபது நிமிஷம் முன்னாலேயே ஒரு தடவை கால் வந்தது, நான்தான் குறுக்கே வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். பின்னால் போர்டில் ஏதோ ஒரு விளக்கு எரிய, “வாரேன் அண்ணாச்சி” என்று திரும்பிவிட்டேன்.