மாப்பிள்ளைக்கு ஊற்றிய எண்ணெய்

எனக்கு நிக்காஹ் ஆன அதே வருஷம்தான் என் கணவர் வீட்டில் டர்போ டீசல் கார் வாங்கினார்கள். தொண்ணூறுகளின் கடைசி. சேலத்தில் அவர்கள் தெருவுக்கே அதுதான் முதல் டர்போ. மருமகள் வந்த ராசி என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராசியோ என்னவோ, அந்தக் காரை நினைத்தால் எனக்கு வருவது பெருமை இல்லை, வெட்கம்தான்.

நான் ஏற்காட்டுப் பெண். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு கடை இருந்தது. என்ஜின் ஆயில், கிரீஸ், ஃபேன் பெல்ட் விற்கிற கடை. வாழவந்தி, மாரமங்கலம் பக்கம் ஓடுகிற ஜீப்புகளும் எஸ்டேட் லாரிகளும் அத்தாவின் எண்ணெயில்தான் ஓடின. ஜீப்காரர்கள் கிரேடு சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "பாய், எண்ணெய் குடுங்க" என்பார்கள். அத்தா ஐம்பதாம் நம்பரை எடுத்து வைப்பார். தேன் மாதிரி கெட்டியாக இருக்கும்.

"ஏத்தத்துல என்ஜின் சூடாச்சுன்னா லேசு எண்ணெய் தண்ணியாப் போயிருமுங்க. மலைக்குக் கெட்டி எண்ணெய்தானுங்க" என்பது அவர் சட்டம். தேய்ந்துபோன பழைய ஜீப்புகளுக்கு அது சரியாகவும் இருந்தது. புகை அடங்கும், சத்தம் அடங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். என் பையில் எப்போதும் எண்ணெய் வாடை அடிக்கும். கூடப் படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆக, அந்தக் கடைக்காக வெட்கப்படுவது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இல்லை.

எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புது மாப்பிள்ளை முதல் தடவை மாமனார் வீட்டுக்கு வரும்போது, சட்டைத்துணி, மோதிரம் என்று வேறு என்ன போட்டாலும், மாமனார் தன் கடைச் சரக்கில் உசத்தியானதை எடுத்துத் தன் கையாலேயே அவருக்குச் செய்ய வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் தானே துணி கிழித்துக் கொடுப்பார். பேக்கரிக்காரர் தானே கேக் வெட்டி ஊட்டிவிடுவார். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய்க் கடைக்காரர் என்ன செய்வார், தலையில் தேய்த்துவிடுவாரா என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

மறுவீட்டுக்கு நாங்கள் மலை ஏறியது நல்ல மார்கழிக் குளிரில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் காரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். புதுப் பெண்டாட்டியிடம் பேச ஆண்களுக்கு வேறு விஷயமே கிடைக்காது போல. புகையாக வெளியே போகிற காற்றின் வேகத்தில் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறதாம். அதற்குப் பேர்தான் டர்போவாம். அந்தச் சக்கரத்தின் தண்டு எண்ணெயில்தான் மிதக்கிறதாம். வண்டியைக் கிளப்பியதும் எண்ணெய் அங்கே உடனே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் தேய்மானம்தான். அதனால் கம்பெனிக்காரன் சொன்ன கிரேடுதான் ஊற்ற வேண்டும், பதினைந்து டபிள்யூ நாற்பது. குளிரிலும் சட்டென்று ஓடும், சூட்டிலும் தாங்கும். மேலே வந்து நின்ற பிறகும் அவர் என்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டார். ஏறி வந்த சூட்டோடு அணைத்தால் டர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடுமாம்.

"ரொம்பக் கெட்டி எண்ணெய் ஊத்தினா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"டர்போவுக்குச் சங்குதான்."

"அப்படின்னா எங்க அத்தா கடை முன்னால நிறுத்தாதீங்க. அங்க ஒரே எண்ணெய்தான் கிடைக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன். பிறந்த வீட்டைக் கொஞ்சம் மட்டம் தட்டினால் புருஷனுக்குப் பிடிக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவரும் சிரித்தார்.

மதியம் பிரியாணி முடிந்து கை கழுவி வந்தால், வீட்டு வாசலில் கார் ஓரமாகக் கல் மேல் ஏறி நிற்கிறது. அடியில் தகர டிரே. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஐம்பதாம் நம்பர் டின், டின்னைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. அத்தா புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்பேனரோடு நிற்கிறார். ஜீப்காரர்கள், பேக்கரிக்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் என்று பாதிக் கடைத்தெரு கூடியிருந்தது.

அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு பேரு நிக்கறப்ப உங்கத்தா கையப் புடிச்சுத் தடுக்கறதா? நல்லாருக்குது போ. மாப்பிள்ளை வண்டிதானே, மாப்பிள்ளை சொல்லட்டும் கண்ணு" என்றார் அம்மா.

வெளியே வந்து என் கணவர் காதில் போட்டேன். அவர் வாய் அசையாமல் சொன்னார்: "நான் எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்காது. உங்க அத்தாதானே, நீ சொல்லு."

பூனைக்கு மணி கட்ட ஆளில்லை. அத்தா வாழ்நாளெல்லாம் எண்ணெய் விற்றவர். அவருக்குப் போய் நான் எண்ணெயைப் பற்றிச் சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அதுவும் அத்தனை ஜீப்காரர்கள் முன்னால். நான் தாவணி போட்ட காலத்திலிருந்து அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். பாய் மகள் சேலத்துக்குப் போனதும் கொம்பு முளைத்துவிட்டது என்று பேசுவார்கள். யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் டிரேயில் பழைய எண்ணெய் இறங்கி முடிந்துவிட்டது.

"நம்ம கடையில இருக்கறதுலயே ஒசந்த எண்ணெயிங்க மாப்பிள்ளை" என்றார் அத்தா. பிஸ்மி சொல்லி டின்னைச் சாய்த்தார். அது அவசரமே இல்லாமல் நூலாக இறங்கியது. அத்தா டின்னைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை காத்திருந்தார். "இனி பாய் மாப்பிள்ளை வண்டி, ஸ்டியரிங் புடிக்காமயே மலை ஏறிக்குமுங்க" என்று ஒரு ஜீப்காரர் சொல்ல, கூட்டம் சிரித்தது. என் கணவர் நெஞ்சில் கை வைத்து, "நொம்ப சந்தோசமுங்க மாமா" என்றார். இவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவருக்கு என்னைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அத்தாவைப் பார்த்தால் வெட்கம். இவரைப் பார்த்தால் அதைவிட வெட்கம்.

மறுநாள் காலையில் பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. அவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் முனகிக்கொண்டுதான் கிளம்பியது. கிளம்பிய பிறகும் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு அணைய மனமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் அணைந்தது. உள்ளே எங்கேயோ மெல்லிசாக ஒரு ஊளைச் சத்தம். அவர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் நின்ற அத்தா, "பாத்தீங்களா, நேத்தைக்கு இருந்த சத்தம் இன்னைக்கு இல்லீங்களே" என்றார்.

அப்படியே மலை இறங்கினோம். அடிவாரத்தில் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் ஷெட்டில் என் கணவர் வண்டியை விட்டார். ஆள் அனுப்பிச் சரியான கிரேடு வாங்கி வரச் சொன்னார். அத்தாவின் எண்ணெய் டிரேயில் இறங்கியது. ஒரு மலை இறங்கியதில் கொஞ்சம் நிறம் மாறியிருந்ததே தவிர, புது எண்ணெய் என்று யாருக்கும் தெரியும்.

"நல்லாத்தானே இருக்குதுங்க, எதுக்குங்க மாத்தறீங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஒண்ணும் தெரியாதவங்க ஊத்திட்டாங்க" என்றார் என் கணவர்.

எதிரே ஏற்காட்டு பஸ் நின்று கிளம்பியது. அது போன பிறகு பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தா நிற்கிறார். கையில் மஞ்சள் பை. சம்பந்தி வீட்டுக்கு என்று அம்மா கட்டி வைத்த காப்பிப்பொடியையும் ஆரஞ்சையும் நான்தான் கூடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்து கொடுக்க அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். வழியில் எங்கள் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பதறி இறங்கிவிட்டார்.

"வண்டிக்கு என்னங்க ஆச்சு? யாருக்கும் ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டுக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தார்.

அத்தா குனிந்து டிரேயைப் பார்த்தார். அதில் இருப்பது என்ன எண்ணெய் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாரே என்று எனக்கு உடம்பு கூசியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"இது டர்போங்க பாய். இதுக்கு இந்த எண்ணெய்தான் ஊத்தணுமுங்க" என்று மெக்கானிக் யதார்த்தமாகச் சொல்லி, அப்போதுதான் ஊற்றி முடித்த காலி டின்னை நீட்டினார். அத்தா பையைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கினார். பக்கத்தில் கொண்டுபோய் எழுத்தைப் படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கமும் படித்தார்.

"இது நம்ம கடையிலயே இருக்குதுங்களே மாப்பிள்ளை" என்றார். "சீசனுக்கு வர்ற புது வண்டிக்காரங்க கேக்கறாங்கன்னு எடுத்து வெச்சிருக்கேன். இதான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இதையே பிஸ்மி சொல்லி ஊத்தியிருப்பனே."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கணவர் "மாமா..." என்று இழுத்தார். அத்தா டின்னை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையை எடுத்து என் கையில் தந்தார்.

"மாப்பிள்ளை வெளியூரு, அவருக்குத் தெரியாது" என்றார். "அத்தா கடையில இருக்கும்னு உனக்குக்கூடத் தோணலியா கண்ணு?"

எனக்குத் தோன்றவே இல்லை.