அப்பாவின் நகானோ

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் இன்றைக்கும் ஃபோனில் "நகானோ" என்று தேடினேன்.

ஒரு கால்பந்து வீரர் வந்தார். ஒரு பேராசிரியர், ஒரு பாடகி. பிறகு டோக்கியோவில் ஒரு பகுதி, மலைப்பக்கம் ஒரு நகரம், ஒரு ரயில் நிலையம். அப்பாவோடு கார்ப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் வேலை செய்த ஜப்பான்காரர் நகானோ மட்டும் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் சனிக்கிழமைகளில் இங்கே ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரே டோனட் கடையில் சந்திப்பார்கள். ஃபோன் நம்பர் தேவைப்படவில்லை. இப்போது அந்தக் கடையைப் பூட்டிவிட்டார்கள். அப்பா படுக்கையில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, "நகானோ வந்தவனோ?" என்று மட்டும் கேட்கிறார்.

"அப்பா, அது குடும்பப் பேர். அவற்ற சொந்தப் பேர் என்ன?"

"நகானோதான். வேலைச் சட்டையில அப்பிடித்தான் கிடந்தது."

"அவர் உங்களை என்னெண்டு கூப்பிடுறவர்?"

"கந்தையா எண்டு. என்ர சட்டையில அதுதானே."

கந்தையா என் அப்பப்பா. கனடாவுக்கு வந்தபோது, எங்கள் தமிழாட்கள் எல்லோருக்கும் போல, தகப்பன் பெயரே அப்பாவுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

அந்த மனுசனும் எங்கேயோ இருந்து தேடினால், ஊரிலேயே கண்ணை மூடிய என் அப்பப்பாவைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

ஸ்காபரோவில் வயதான ஜப்பான்காரர் ஒருவர் கந்தையாவை விசாரித்தால், தயவுசெய்து என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

எந்தக் கந்தையா என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருக்கும் தெரியாது.