சனிக்கிழமை வேதக்காரர் வீட்டுக் கலியாணம்

முற்பகல் 11.20. குருக்கள்மடத்துத் துறையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாலடுக்குச் சாப்பாட்டுக் கரியர். பட்டுச் சேலை உடுத்த ஒரு பெண்மணி அதை மடியில் வைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அவர் மாப்பிள்ளையின் தாய், பெயர் திரேசம்மா. மகனின் கலியாணத்துக்குப் போகிறவர் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மட்டக்களப்பு நகரிலிருந்து இந்தத் துறை தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பஸ்ஸுக்குப் பன்னிரண்டு ரூபாய். 2003ஆம் ஆண்டுப் பங்குனி, வெள்ளிக்கிழமை. போர்நிறுத்தம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்றும் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர். எழுவான்கரையில் இராணுவம் இருந்தது. படுவான்கரை அரசின் கட்டுப்பாட்டில் இல்லை, இயக்கத்தின் கையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே போய்வருவது ‘பாதை’. தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பிய மிதவையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய், சைக்கிளுக்கு மூன்று.

மாப்பிள்ளை அருள், எங்கள் பத்திரிகைக்குப் படம் கழுவித் தரும் ஸ்ரூடியோவில் வேலை செய்பவர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த எஸ்தர் என்ற பெண்ணிடம், “சிரிக்காமல் பாருங்க” என்று அவர் சொல்லப்போய், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று படம் வீணாகியது. மூன்றையும் அருள் எறியவில்லை. கதை அங்கே தொடங்கியது.

அருள் வீட்டார் கத்தோலிக்கர். திரேசம்மா கல்லடிப் பாலத்தடியில் நண்டும் இறாலும் விற்பவர். எஸ்தர் வீட்டார் படுவான்கரையில் இருபது குடும்பம்கூட இல்லாத ஒரு சிறு சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கிறார்கள். வெள்ளி சூரியன் படுவதிலிருந்து சனி சூரியன் படும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. செதிள் இல்லாத மீன், நண்டு, இறால், கணவாய் எதையும் தொடுவதில்லை. ஊரார் வைத்த பெயர் ‘சனிக்கிழமை வேதக்காரர்’. அது மரியாதையான பெயர். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஆசிரியர், அவரும் கிறிஸ்தவரே, பிழையான போதனைக்காரர் என்ற பொருளில் ‘துருபதேசக் கூட்டம்’ என்றார். துறையில் ‘மருந்துக்காரர்’ என்றார்கள். சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து ஆளை மயக்கி வைத்துக்கொள்வார்களாம். கரியரின் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். திரேசம்மா மருமகளை அழைத்துவரப் போகவில்லை. ஒரே மகனை விட்டுவிட்டு வரப் போகிறார்.

“நான் பாத்துத்தான் விடுவன் தம்பி” என்றார் என்னிடம். “ஒரு சின்னப் பிழை கண்டாலும் கலியாணம் முடிஞ்சாப்போல என்ன, பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு திரும்பி வந்திருவன். நண்டு அசுத்தமாம். நண்டு வித்துத்தான் இவனை வளத்தனான். அப்ப இவன் ஆரு?”

“அம்மா, ஆக்கள் பாக்கிறாங்க” என்றார் அருள்.

“வாயை மூடு மனே. போகமுந்தியே மருந்து வேலை செய்யுது.”

அக்கரையான அம்பிளாந்துறையிலிருந்து வந்த பாதையில், துணிப்பொட்டலங்கள் கட்டிய மோட்டார் சைக்கிளோடு காத்தான்குடி வியாபாரி ஒருவர் இறங்கினார். கலியாண வீட்டைத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம? நேத்துச் சீத்தைத் துணி குடுத்தது நான்தானே. நல்ல மனிசர். சனிக்கிழமை மட்டும் போய் ஹோன் அடிச்சா ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்க.” மோட்டார் சைக்கிளை உதைத்தார். “எனக்கு இப்ப ஜும்மாவுக்கு நேரமாகுது. கடையைப் பூட்டிப்போட்டுத்தான் போவன். என்னை ஆரும் மருந்துக்காரன் எண்டு சொல்லல்ல பாருங்க.”

பகல் 1.45. அக்கரைத் துறையிலிருந்து கலியாண வீடு மூன்று கிலோமீற்றர். உழவு இயந்திரத்தின் பெட்டியில் உட்கார வாங்கு போட்டு ஏற்றிச் சென்றார்கள். பெரும்போக அறுவடை முடிந்து இருபுறமும் வயல் வெறுந்தாளாகக் கிடந்தது. அழைப்பிதழில் இரண்டு மணி என்றிருந்தது. நாங்கள் இறங்கியபோது பெண்ணின் தகப்பன் தானியேல் தலையில் சவர்க்கார நுரையோடு கிணற்றடியில் நின்றார்.

“முக்கால் மணித்தியாலம் முந்தி வந்திட்டீங்க!” என்று அங்கிருந்தே கத்தினார்.

சுவரிலிருந்த மணிக்கூட்டில் ஒன்றேகால். சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது, படுவான்கரை தள்ளவில்லை. வாவியைத் தாண்டினால் நேரமும் மாறும்.

“எங்கட நேரம் சரிதான். உங்கட மணிக்கூடு பிந்துது” என்றார் திரேசம்மா. பிழை ஒன்று கிடைத்த மகிழ்ச்சி குரலில் தெரிந்தது.

“ரெண்டு நேரமும் கிடக்கட்டும் சம்மந்தி” என்றார் தானியேல், துவாயால் காதைத் துடைத்துக்கொண்டு. “சூரியன் படமுந்தி எல்லாச் சட்டியும் கழுவியாகோணும். அது ஒண்டுதான் எங்களுக்கு நேரம்.”

கலியாணம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. தாலி இல்லை, மோதிரம் இல்லை, நகையே இல்லை. இருவரும் சபையின் முன் கைகோத்து வாக்குச் சொன்னார்கள். வாக்குச் சொல்லும்போதும் எஸ்தர் சிரித்துவிட்டாள். போதகரும் சிரித்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார். விருந்தில் புது அரிசிச் சோறு, பூசணிக்காய், மணலைமீன் குழம்பு, எருமைத் தயிர். திரேசம்மா முற்றத்து மாமரத்தடியில் தனியே அமர்ந்து கரியரைத் திறந்தார். நண்டுக் குழம்பின் மணம் பந்தல் முழுக்கப் பரவியது. சபைப் பிள்ளைகள் நாலைந்து பேர் மூக்கை உயர்த்திக்கொண்டு மாமரத்தைச் சுற்றி விளையாடத் தொடங்கினார்கள்.

உண்டபின் தானியேல் என்னைத் தன் வட்டைக்குக் கூட்டிப்போனார். ஊர் வயல்கள் ஒரே விரிவாகக் கிடக்கும் வெளியை அப்படிச் சொல்கிறார்கள். உங்களை ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டேன். பத்திரிகைக்காரனிடம் எச்சரிக்கையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வரம்பில் குந்திக்கொண்டு தாராளமாகப் பேசினார்.

“எங்களிலயும் இருக்குத் தம்பி. செத்த வீட்டுக்குப் போவம், அழுவம், குழியும் வெட்டுவம். ஆனா அங்க சோறு தின்னமாட்டம். கோயில் பொங்கல் கொண்டந்து தருவாங்க, வாங்கமாட்டம். இறால் கறி தந்தா வேணாம் எண்டுவம். நீட்டின கையை இப்பிடி வெறுங்கையாத் திருப்பி அனுப்பினா மனிசருக்குக் கோவம் வராதா? ஆயுதத்திலயும் இதே கதைதான். துவக்குத் தூக்கமாட்டம் எண்டு சொன்னம். அவங்க எங்களை இவங்கட ஆள் எண்டாங்க, இவங்க அவங்கட ஆள் எண்டாங்க.”

“பயமாக இருக்கவில்லையா?”

“இருந்திச்சு. இப்பதான் ஒரு வருசமா நல்லா நித்திரை கொள்ளுறன்.” பெரிதாகச் சிரித்தார்.

நானும் வழியெல்லாம் விசாரித்திருந்தேன். இவர்களின் போதனையில் என்ன பிழை என்று எவராலும் ஒரு வசனம் சொல்ல முடியவில்லை. எதைத் தின்னமாட்டார்கள் என்பதை மட்டும் எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள்.

மாலை 5.30. நாங்கள் திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டார் முந்திய பாதைக்கே போய்விட்டிருந்தார்கள். திரேசம்மா மட்டும் மாமரத்தடியில் கால்நீட்டி அமர்ந்திருந்தார்.

“நீங்கள் போகவில்லையா அம்மா?”

“வெள்ளி பின்னேரம் கதவைப் பூட்டிக்கொண்டு என்னமோ செய்யிறாங்களாம். அது துவங்கிறதைப் பாத்திட்டுப் போவன். கடைசிப் பாதை அஞ்சரைக்குத்தானே.” சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். அதில் ஐந்து. “அரை மணி வித்தியாசம். இப்ப எங்கட நேரம் நாலரை. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு.”

கூட்ட வேண்டிய அரை மணியை அவர் கழித்திருந்தார். என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அதில் ஐந்தரை. தரைவழியாகச் சுற்றிப் போகலாமென்றால் பாலத்துச் சோதனைச் சாவடியும் அந்நேரத்துக்கு மூடிவிடும். நாளை சனிக்கிழமை, இவர்களில் ஒருவரும் உழவு இயந்திரம் ஓட்டமாட்டார்கள், துறைவரை நடக்கத் திரேசம்மாவும் தயாரில்லை. ஞாயிறு காலைவரை அவர் இங்கேதான், நானும்தான்.

“மருந்து தேவையில்லைப் போல” என்றார் அருள் மெதுவாக. தாயின் செருப்பு பறந்து வந்தது. அவர் விலகிக்கொண்டார்.

அடுத்த ஒரு மணித்தியாலம் போல ஓர் ஆரவாரத்தை நான் கண்டதில்லை. பெண்கள் சட்டி கழுவ, ஆண்கள் குடம் குடமாகத் தண்ணீர் அள்ளி நிரப்ப, பிள்ளைகள் முற்றம் கூட்ட, “படுகுது, படுகுது!” என்று ஒரு கிழவர் வயல்பக்கம் பார்த்துக் கூவிக்கொண்டே நின்றார். மணப்பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிடாரம் தேய்த்தாள். சூரியன் தாளடியைத் தொட்டதும் எல்லாச் சத்தமும் நின்றது. கைகளைத் துடைத்துக்கொண்டு சபைக்குப் போனார்கள்.

திரேசம்மா முதல் ஆளாகப் போய் வாசலில் நின்றார். சபை என்பது இடுப்பளவு சுவரும் கிடுகுக் கூரையும்தான். பூட்டுவதற்கு அங்கே கதவே இல்லை. அவர்கள் பாட்டுப் படித்தார்கள். மூன்றாவது பாட்டு அவர் மாதா கோயிலிலும் படிக்கிற பாட்டு. வாய் அசைந்ததைக் கண்டேன். நான் பார்ப்பது தெரிந்ததும் நின்றது.

இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது தவக்கால விரதத்தைச் சாக்காக்கி, “நான் இண்டைக்கு ஒருசந்தி” என்றார்.

“மத்தியானம் நண்டு திண்ட ஒருசந்தியா அம்மா?” என்றார் அருள்.

“நண்டு இறைச்சியில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்க உரிமை இருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தான். மட்டக்களப்புக்கு வேலை மாற்றம் கிடைத்தபோது என் அம்மா தொலைபேசியில் சொன்னது, “அங்க ஒருத்தற்ற வீட்டிலயும் வாயில ஒண்டும் வைச்சிடாதை. மருந்து போட்டு வைச்சிருவாங்கள்.” வடக்கில் மட்டக்களப்பு முழுவதையும் பற்றிச் சொல்லும் கதையை, மட்டக்களப்பு இந்த இருபது வீட்டைப் பற்றிச் சொல்கிறது. இந்த இருபது வீட்டார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று விசாரித்தேன். பழுகாமத்துப் பக்கம் ஞானஸ்நானத்தை வேறு விதமாகக் கொடுக்கிற ஒரு வீடு இருக்கிறதாம். “அதுகளோட கவனம் தம்பி” என்றார் சூரியனுக்குக் காவல் நின்ற அந்தக் கிழவர்.

சனிக்கிழமை, காலை 9.00. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். அந்த முறை இந்தச் சனிக்கிழமையில் வந்திருந்தது. ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். என் காலைத் தானியேல் கழுவினார், அவர் காலை நான் கழுவினேன். கூச்சமாக இருந்தது, பிறகு இல்லை.

எஸ்தர் வெண்கலத் தாம்பாளத்தோடு போய் மாமியின் முன் அமர்ந்தாள். திரேசம்மா ராணி போலக் காலை நீட்டினார். மருமகள் மாமியின் காலைக் கழுவுவதில் அவருக்கு ஆட்சேபனை இருக்க நியாயமில்லை. துடைத்து முடித்ததும் எஸ்தர் எழுந்து, பக்கத்து வாங்கில் உட்கார்ந்தாள். தாம்பாளம் நடுவில் இருந்தது.

“இப்ப என்ன?” என்றார் திரேசம்மா.

“இப்ப நீங்க என்ர காலைக் கழுவோணும் மாமி. விருப்பமெண்டாத்தான்.”

“நானா? உன்ர காலையா?”

“எங்கட முறை அப்பிடி. ஒரு பக்கம் மட்டும் கழுவிறதில்லை. இல்லாட்டிப் பரவாயில்லை, அம்மா கழுவுவா.”

அருள் எனக்குப் பக்கத்தில் தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுந்து போனால் தாய் தன்னையும் அழைத்துக்கொண்டே போவார் என்பது அவருக்குத் தெரியும். திரேசம்மா தாம்பாளத்தைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.

“நண்டு கழுவிற கையடி இது.”

“நல்லா அழுத்தித் தேயுங்க அப்ப” என்றாள் எஸ்தர். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

திரேசம்மா குனிந்தார். வலது காலைத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தவர், நிறுத்தினார். மறுபடி தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குதியிலும் கணுக்காலிலும் அறுவடைத் தாள் கிழித்த கோடுகள், சில இன்னும் ஆறாதவை.

“கலியாணப் பொம்பிளை இப்பிடியா காலை வைச்சிருக்கிறது? ஆரு உன்னை வயல் வெட்டப் போகச் சொன்னது?”

“அரிவி வெட்ட ஆள் காணாது மாமி.”

“அதுக்கு? ஒரு கிழமைக்கு முந்தியாவது நிக்கத் தெரியாதா?” திரும்பினார். “அருள்! செருப்பு வாங்கிக் குடுக்கத் தெரியாத நீ என்ன மாப்பிள்ளை? சம்மந்தி, உங்கட வேதத்தில சனிக்கிழமை மஞ்சள் அரைக்கலாமா, கூடாதா?”

தானியேல் கிழவரைப் பார்த்தார். கிழவர் கூரையைப் பார்த்தார். “புண்ணுக்கு எண்டா அரைக்கலாம்” என்று தீர்ப்பு வந்தது. இடுப்பளவு சுவருக்கு உள்ளேயிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திரேசம்மா சிரிக்கவில்லை. இரண்டு காலையும் ஒவ்வொரு விரலிடுக்காகக் கழுவினார், வலைக்குள்ளிருந்து எடுத்ததைக் கழுவுகிற அதே பதமான வேகத்தில்.

மத்தியானம் எல்லோருக்கும் முதல்நாள் வடித்த சோறும் தயிரும். அவருக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள். பிசைந்து, வாயில் வைத்து, சற்று யோசித்தார்.

“என்ன மாமி?” எஸ்தர் கேட்டாள்.

“தயிர் நல்லம். ஒரு இறால் பொரியல் இருந்திருக்கோணும்.” இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு, காலை 7.10. அம்பிளாந்துறையில் முதல் பாதைக்குக் கலியாண வீட்டிலிருந்து வந்து ஏறியவர்கள் இருவர்தான்: திரேசம்மாவும் நானும். அருள் எஸ்தரோடு கரையில் நின்றுவிட்டார்.