அப்பளம் என்று எழுதிய மழை

போர்ட்போலியோ என்ற வார்த்தையை முதன்முதலில் கேட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளேயே ‘போலி’ இருக்கிறதே என்று நினைத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஒலியமைப்பு சொல்லித்தரும் சின்ன வகுப்பு. கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் போவேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

போர்ட்போலியோ என்று ஆளுக்கொரு கேசட்டும் ஒரு நோட்டும் தரவேண்டும் என்றார் சார். கேசட்டில் நாங்கள் உண்டாக்கிய சத்தங்கள். நோட்டில், ஒவ்வொன்றையும் எதை வைத்து எப்படி உண்டாக்கினோம் என்பது.

“கேசட்டு நீ இன்னா பண்ணேன்னு சொல்லும். நோட்டுதான் நீ எப்டி யோசிச்சேன்னு சொல்லும். சொதப்புனதையும் எழுதுமா, மறைக்காதே.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறதோ என்று பட்டது எனக்கு. வாங்கியதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். நாடகக் குழுக்களுக்குச் சத்தம் போட்டுக் கொடுக்கும் தொழிலும் அவருக்கு உண்டு. எங்கள் சர்ச் திருவிழா நாடகத்தில் ஒரு நாய் குரைத்தது. கூடப் படித்த ஐயப்பன்தாங்கல்காரனின் கேசட்டில் இருந்த நாயேதான் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தேன்.

“நாய்ன்னா எல்லாம் ஒரே மாறிதான்டி கொலைக்கும்” என்றாள். அந்த நாய் விஷயத்தில் என் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

என்னிடமிருந்த உருப்படியான சத்தம் மழை ஒன்றுதான். இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பேப்பரை விரித்துக் கட்டி, அதன்மேல் ரவையை மெல்லத் தூவி, அடியில் மைக்கை வைத்துப் பிடித்தது. எத்தனையோ தடவை சொதப்பிய பிறகு பெய்த மழை. கேசட்டோடு அதன் வித்தையையும் தூக்கிக் கொடுக்க நான் என்ன ஏமாளியா? நோட்டில் ‘அப்பளம் பொரித்தேன்’ என்று எழுதினேன். மற்றவற்றுக்கும் வாய்க்கு வந்ததை எழுதிவைத்தேன். திருடினால் அப்பளம் பொரித்துக்கொண்டு உட்காரட்டும் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு டப்பிங் தியேட்டரில் உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் கேசட்டையும் நோட்டையும் சார்தான் அங்கே கொடுத்திருந்தார். இது கிடைக்காவிட்டால் எஸ்டேட் கம்பெனி ஏதாவதில் பேக்கிங் வேலைக்குப் போ என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வேலைக்காக நான் உயிரையே விட்டிருப்பேன்.

அங்கிருந்த ஒலிப்பதிவாளர் மழையை மூன்று முறை ஓட்டிக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு நோட்டைப் புரட்டினார்.

“அப்பளமா? எண்ணெயில போட்டதும் பொங்கி அடங்கிடுமே. இது அடங்கவே இல்லையே.”

“ரவை சார். பேப்பர் மேல தூவினேன்.”

“அப்போ இதை யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “யார் கேசட்டும்மா இது?”

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரவை கொடுங்கள், இங்கேயே செய்து காட்டுகிறேன் என்றேன்.

“யாரோ செஞ்சதைப் பாத்துட்டு வந்தும் செய்யலாம்மா” என்று நோட்டை என் பக்கம் தள்ளினார்.

அது என் மழைதான் என்று காட்ட, என் கையெழுத்தில் நாற்பது பக்கம் இருந்தது. அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை.